தடை முடிந்து போன முதல் நாளே எஞ்சின் சூடு 98, ஹெட்டைக் கழற்றச் சொல்கிறார்கள்

நாகை விசை
ஜூன் 17, இரவு 9.40

அண்ணன்மாருக்கு வணக்கம். 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து 15ஆம் தேதி விடியற்காலை தொழிலுக்குப் போனோம், அன்று சாயங்காலமே கரைக்குத் திரும்பிவிட்டோம். எஞ்சின் சூடு.

படகு 52 அடி மர விசைப்படகு. லாரியில் வரும் 6 சிலிண்டர் டீசலைப் படகுக்கு மாற்றியது, 120 குதிரைத்திறன். எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றும், அதைக் கடல் தண்ணீரால் ஆற்றுகிற கூலர் பக்கவாட்டில் இருக்கிறது. புகைக்குழாயில் தண்ணீர் சேராது, அது தனியாக மேலே போகிறது. கடல் தண்ணீர் கூலரை முடித்துவிட்டு இடது பக்கம் வெளியே கொட்டும்.

துறைமுகத்திலிருந்து வெளியே போகும்வரை மீட்டர் 78ல் நின்றது. ஓடும்போது 1400 ஆர்பிஎம்மில் 84. வலையை விட்டு 1600ல் இழுக்க ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில் 90, அப்புறம் 95, 98ல் அலாரம் அடித்துவிட்டது. ரேஸைக் குறைத்தால் பத்து நிமிடத்தில் 85க்கு இறங்குகிறது. மறுபடி இழுத்தால் மறுபடி ஏறுகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டு வலையை ஏற்றித் திரும்பிவிட்டோம். டீசல், ஐஸ், ஆறு பேர் பாடு எல்லாம் போச்சு.

கரையில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்ததும், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டார். மீட்டர் சென்சாரைப் புதிதாக மாற்றினார். 16ஆம் தேதி போய்ப் பார்த்தால் அதே கதைதான், சொல்லப்போனால் இரண்டு டிகிரி கூடுதலாகவே காட்டியது. இப்போது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பணும், நாலு நாள் ஆகும் என்கிறார். செலவையும் சொன்னார், தூக்கம் வரவில்லை. ஹெட்டைத் தொடுவதற்கு முன்னால் வேறு எதையாவது பார்க்கணுமா?

பழைய ஃபிட்டர்
ஜூன் 17, இரவு 10.15

தம்பி, ஹெட்டில் கை வைக்க விடாதே. காசிமேட்டில் முப்பது வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன். சூடு என்றதும் ஹெட்டை இறக்கி, இறக்கிய ஹெட்டில் ஒன்றும் இல்லாமல் திரும்ப மாட்டிய படகுகள் எத்தனையோ.

எஞ்சின் எப்போது சூடாகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடத்தில் ஏறினால் தண்ணீரே ஓடவில்லை என்று அர்த்தம்: இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் சக்கரம்), பெல்ட், மூடிக் கிடக்கிற வால்வு, திறக்காத தெர்மோஸ்டாட். சும்மா நிற்கும்போது சரியாக இருந்து, பாரம் ஏற ஏறச் சூடானால் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் போதவில்லை. அல்லது தண்ணீர் போதும், கூலர் சூட்டை வாங்கவில்லை. உன்னுடையது இந்த இரண்டாவது ரகம். ரேஸைக் குறைத்ததும் பத்து நிமிடத்தில் இறங்குகிறது பார், அதுதான் முக்கியமான விஷயம். கேஸ்கெட் போன எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் சொன்ன பேச்சுக் கேட்காது.

இதற்கெல்லாம் பதில் சொல். தடைக்காலத்தில் என்னென்ன வேலை பார்த்தாய்? கடல் தண்ணீர் பம்பைத் திறந்தாயா, திறந்தபோது பழைய இம்பெல்லர் எப்படி இருந்தது? நல்ல தண்ணீர் டேங்கில் மட்டம் குறைகிறதா? ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா? வலை இழுக்கும்போது கறுப்புப் புகை போன வருஷத்தைவிட அதிகமா?

இன்னொன்று. சூடாக இருக்கும்போது டேங்க் மூடியைத் திறக்காதே. மூடி அழுத்தம் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே இருக்கிற தண்ணீர் 100ஐத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த நொடியில் அவ்வளவும் கொதித்து முகத்தில் அடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இடது கண் பாதிப் பார்வைதான்.

குளச்சல் கரை
ஜூன் 17, இரவு 10.50

எங்களுக்கு மேற்குக் கரையில் இப்போதுதான் தடை, ஜூலை 31 வரை. படகு கரையில் கிடக்கிறது, அதனால் நிதானமாக எழுத நேரம் இருக்கிறது.

அண்ணே, முதலில் படகுக்கு அடியில் பாருங்கள். கடல் தண்ணீர் உள்ளே வருகிற ஓட்டையில் பாலித்தீன் பை ஒட்டிக்கொண்டால் மெதுவாகப் போகும்போது தண்ணீர் வரும், வேகமாக இழுத்தால் பை ஓட்டையை அடைத்துக்கொள்ளும். சொறி மீன் (ஜெல்லி மீன்) கூட்டத்துக்குள் போனாலும் ஸ்ட்ரைனர் (உள்ளே வருகிற கடல் தண்ணீரை வடிகட்டுகிற கூடை) கூழாகி அடைத்துவிடும். இரண்டு மாதம் நிறுத்தி வைத்த படகு வேறு, ஓட்டைக்கு உள்பக்கமே கொட்டலசு (ஓட்டோடு கெட்டியாக ஒட்டி வளர்கிற கடல் உயிர்) வளர்ந்திருக்கலாம். வெளியில் சுரண்டிப் பெயிண்ட் அடித்திருப்பீர்கள், குழாய்க்கு உள்ளே யார் பார்த்தார்கள்?

புரொப்பெல்லர் மாற்றினீர்களா? பெரிய பிட்ச் (இறக்கைச் சாய்வு அதிகமானது) போட்டால் எஞ்சின் முக்கும், கறுப்பாகப் புகைக்கும், கூலர் நன்றாக இருந்தாலும் சூடு ஏறும்.

நாகை விசை
ஜூன் 18, காலை 7.05

பதில் சொல்கிறேன் ஐயா. ஆயில் சுத்தமாக இருக்கிறது. டேங்க் மட்டம் இரண்டு நாளில் அரை விரல்கூடக் குறையவில்லை. புகை எப்போதும் போலத்தான். புரொப்பெல்லர் பழையதுதான், பாலிஷ் மட்டும் போட்டோம்.

குளச்சல் அண்ணன் சொன்னபடி இன்று விடிந்ததும் ஒரு தம்பியை அடியில் இறக்கிவிட்டேன். வெளி ஓட்டை சுத்தம். உள்ளே கம்பி விட்டுக் குடைந்தான், கொஞ்சம் கொட்டலசு உதிர்ந்தது, கைப்பிடி அளவுகூட இல்லை. ஸ்ட்ரைனர் கூடையும் சுத்தமாகத்தான் இருக்கிறது.

தடைக்காலத்தில் பார்த்த வேலை: ஆயில், ஃபில்டர், பெல்ட், கடல் தண்ணீர்க் குழாய்கள், பம்பு இம்பெல்லர், கியர்பாக்ஸ் ஆயில். இம்பெல்லரைக் கழற்றியபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன், ஆறு இறக்கையில் மூன்று இல்லை. ரப்பர் கட்டியாகிக் காய்ந்து போயிருந்தது. புதிதாக மாட்டி, கிரீஸ் தடவி மூடிவிட்டார்கள்.

பழைய ஃபிட்டர்
ஜூன் 18, காலை 7.30

மூன்று இறக்கை இல்லை என்றால் அந்த மூன்றும் எங்கே போயின? அதைத் தேடினார்களா?

ரப்பர் கரைந்து போகாது தம்பி. பம்பிலிருந்து கிளம்பி, தண்ணீர் போகிற பாதையில் முதலில் எங்கே வழி குறுகுகிறதோ அங்கே போய் உட்காரும். உன் எஞ்சினில் அது கூலரின் முன்பக்க மூடிக்கு உள்ளே, டியூப் வாய்களின் மேல். போன சீசன் கடைசியிலேயே அவை அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

கூலரின் இரண்டு பக்க மூடியையும் கழற்று. வால்வை மூடிவிட்டுக் கழற்று, இல்லாவிட்டால் எஞ்சின் ரூமில் கடல் வந்துவிடும். ரப்பர் துண்டு எப்போதும் தண்ணீர் நுழைகிற பக்கத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு டியூபுக்குள்ளும் டார்ச் அடித்து மறு பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார். அடைத்ததை மரக் குச்சியால் தள்ளு, இரும்புக் கம்பி வேண்டாம், டியூப் செம்புக் கலவை, சீவிக்கொண்டு போய்விடும். கூலரை உப்பு அரிக்காமல் தான் கரைந்து காக்கிற ஜிங்க் கம்பி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் பார்த்துவிடு.

மயிலிட்டி
ஜூன் 18, காலை 8.10

ஐயா சொன்னது சரி. எங்கட மூன்றரைத் தொன் படகிலும் இதே மாதிரி நடந்தது. எங்களுக்கு ரப்பர் இல்லை, ஜிங்க். கம்பி கரைந்து நுனி உடைந்து விழுந்து கூலர் மூடிக்குள்ள கிடந்தது. மூடியைக் கழற்றினால் கஞ்சி மாதிரி வெள்ளைத் தூள், அதுக்குள்ள நாலைந்து கட்டி. கால்வாசி டியூப் அடைபட்டுக் கிடந்தது. ஜிங்க் பாதி கரையும்போதே மாத்திப் போடுங்கோ அண்ணை, கடைசி வரைக்கும் விட்டால் அதுவே உடைந்து விழுந்து அடைக்கும்.

நாகை விசை
ஜூன் 18, மாலை 5.20

ஐயா, கிடைத்துவிட்டது! இரண்டு இறக்கை முழுசாக, ஒன்று இரண்டு துண்டாக. ஒரு துண்டு ஐந்தாறு டியூப் வாயை அப்படியே மூடியிருந்தது, பிடுங்கினால் அதன்மேல் டியூப் வட்டங்கள் முத்திரை குத்திய மாதிரி பதிந்திருந்தன. ஜிங்க் தூளும் கொஞ்சம் இருந்தது. எல்லா டியூபையும் மூங்கில் குச்சியால் சுத்தம் செய்து, இரண்டு மூடிக்கும் புது கேஸ்கெட் வைத்து மூடியாயிற்று.

நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மெக்கானிக்கிடம் ஹெட் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாகை விசை
ஜூன் 19, இரவு 8.00

குறைந்திருக்கிறது, ஆனால் தீரவில்லை. 1600ல் வலை இழுத்து ஒன்றரை மணி நேரத்தில் 93. அலாரம் அடிக்கவில்லை, ஆனால் ஏறிக்கொண்டேதான் இருந்தது, நிற்கவில்லை. பயந்து 1400க்கு இறக்கிவிட்டேன். போன வருஷம் இதே பாரத்தில் 82ஐத் தாண்டியதே இல்லை.

கரை மெக்கானிக் இப்போது "நான் அப்போதே சொன்னேனே" என்கிறார்.

எஞ்சின் அறை
ஜூன் 19, இரவு 9.30

கப்பலில் இரண்டாவது எஞ்சினியராக இருக்கிறேன். உங்கள் எஞ்சின் அளவில் எங்கள் பம்பு ஒன்றே இருக்கும், ஆனால் வழி ஒன்றுதான். இதுவரை எல்லோரும் கழற்றிப் பார்த்தே கண்டுபிடிக்கிறோம். இனி அளந்து பார்ப்போம்.

ஒரு லேசர் டெம்பரேச்சர் கன் வாங்குங்கள் அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். மீட்டரை நம்பி எதுவும் முடிவு பண்ண வேண்டாம். ஆனால் அந்தக் கன் பளபளப்பான செம்பு, அலுமினியம், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எதிலும் தப்பாகக் காட்டும், 80 இருக்கிற இடத்தில் 45 காட்டும். அளக்கிற இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேல் பாருங்கள். எப்போதும் ஒரே இடம், ஒரே தூரம்.

நாலு இடத்தில் பாருங்கள். கடல் தண்ணீர் கூலருக்குள் நுழையும் இடம், வெளியேறும் இடம், நல்ல தண்ணீர் நுழையும் இடம், வெளியேறும் இடம். கடல் தண்ணீர் கொஞ்சம்தான் சூடாகி வெளியேறுகிறது, நல்ல தண்ணீர் மட்டும் ஆறாமல் வருகிறது என்றால் கூலர் சூட்டைக் கைமாற்றவில்லை, உள்ளே உப்போ சுண்ணாம்போ படிந்திருக்கிறது. கடல் தண்ணீரே ரொம்பச் சூடாகி வெளியேறினால் கூலர் தன் வேலையைச் செய்கிறது, வருகிற தண்ணீர்தான் குறைவு.

இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். 20 லிட்டர் வாளி, ஒரு கைக்கடிகாரம். கடல் தண்ணீர் வெளியே கொட்டுகிற இடத்தில் பிடித்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். ரப்பர் இம்பெல்லர் பம்பு ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளும், அதனால் ரேஸ் இரண்டு மடங்கானால் தண்ணீரும் ஏறக்குறைய இரண்டு மடங்காகணும். ஆகவில்லையென்றால் எங்கோ வழி மறிக்கிறது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஒருவர் கட்டாயம் வீல் ஹவுசில் நிற்கட்டும்.

இந்த மாதத்தில் வங்கக் கடல் மேல்மட்டத் தண்ணீரே 29, 30 டிகிரி இருக்கும். குளிர்நாட்டுக் கடலில் தாராளமாக ஓடுகிற கூலர் இங்கே விளிம்பில்தான் ஓடும். சின்னக் குறையும் நமக்கு உடனே தெரிவது அதனால்தான்.

நாகை விசை
ஜூன் 20, காலை 8.45

வாளி வைத்துப் பார்த்தாயிற்று, பக்கத்துப் படகில் ஆளை நிறுத்திப் பிடித்தோம். 700 ஆர்பிஎம்மில் 24 நொடி. 1200ல் 14 நொடி. 1600ல் 11 நொடி. இரண்டு இரண்டு தடவை பார்த்தோம், அதேதான்.

கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 50 லிட்டர், 86 லிட்டர், 109 லிட்டர். ரேஸ் ஏற ஏறத் தண்ணீரும் ஏறுகிறது. அப்படியென்றால் கடல் தண்ணீர்ப் பக்கம் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

குளச்சல் கரை
ஜூன் 20, காலை 9.30

அப்படித்தான் தெரிகிறது. கடல் தண்ணீர் சரி, கூலர் டியூப் சுத்தம், அப்புறமும் ஏறுகிறது என்றால் எனக்கும் கேஸ்கெட் மேல் சந்தேகம் வருகிறது அண்ணே. பாரத்தில் மட்டும் லேசாகக் கசிகிற கேஸ்கெட்டும் உண்டு. இல்லாவிட்டால் எஞ்சினுக்குள்ளே சுண்ணாம்பு. நம் கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீரை வருஷக்கணக்காக ஊற்றினால் பிளாக்குக்குள் பாறை மாதிரி படியும்.

பழைய ஃபிட்டர்
ஜூன் 20, காலை 10.00

கேஸ்கெட்டை ஹெட்டைக் கழற்றாமலே சோதிக்கலாம். காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது டேங்க் மூடியைத் திறந்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, மூடாமலே ஸ்டார்ட் பண்ணு. முதல் இரண்டு நிமிடம் கொஞ்சம் குமிழி வரும், அது உள்ளே மாட்டிய காற்று. அப்புறமும் நிற்காமல், ரேஸ் கொடுக்கக் கொடுக்கச் சரம்சரமாக வந்தால்தான் சிலிண்டர் புகை கேஸ்கெட் வழியாகத் தண்ணீருக்குள் கசிகிறது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிய சில நிமிடத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் குழாய் கல் மாதிரி இறுகினாலும் அதே அர்த்தம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார் என்றாயே, அதைத் திரும்ப மாட்டு. இந்த வகை எஞ்சினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு போய் பைபாஸ் ஓட்டையை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், பாதிச் சுடுதண்ணீர் கூலர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். கழற்றிய பிறகு இரண்டு டிகிரி கூடியது என்று நீயே எழுதியிருக்கிறாய். பழையதை ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொதிக்க வை, உடம்பில் அடித்திருக்கிற டிகிரியில் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாக விரிந்தால் அது நல்ல தெர்மோஸ்டாட்.

எஞ்சின் அறை
ஜூன் 20, பகல் 12.10

வாளிக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு கேள்வி. எப்போது அளந்தீர்கள்? காலையில், எஞ்சின் ரூம் குளிர்ந்து கிடக்கும்போதுதானே? உங்கள் எஞ்சின் காலையில் சூடாகவில்லை. ஒன்றரை மணி நேரம் இழுத்த பிறகுதான் சூடாகிறது. நோய் வருகிற நேரத்தில் நாடி பார்க்கணும். கடலில், வலை இழுத்து 92, 93 வந்த உடனே, வலையை நிறுத்தி நியூட்ரலில் போட்டு அதே 1600ல் அதே வாளியைப் பிடியுங்கள். கன் வைத்து அந்த நாலு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாகை விசை
ஜூன் 21, இரவு 10.30

நேற்றே குமிழிச் சோதனை செய்துவிட்டேன், இரண்டு நிமிடத்துக்குப் பிறகு ஒரு குமிழிகூட இல்லை. தெர்மோஸ்டாட் பாத்திரத்தில் நன்றாகத் திறந்தது, திரும்ப மாட்டியாயிற்று. மனசு பாதி லேசானது.

இன்று கடலில் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். மீட்டர் 92 காட்டியபோது கடல் தண்ணீர் உள்ளே 30, வெளியே 43. காலையில் 1200ல் ஓடும்போது வெளியே 35தான் இருந்தது. நல்ல தண்ணீர் கூலருக்குள் 91, வெளியே 84.

வாளி: 1600ல் 17 நொடி. மூன்று தடவை பிடித்தோம், 17, 17, 18. அதாவது நிமிடத்துக்கு 70 லிட்டர். காலையில் 109 வந்த அதே பம்பு. 1200க்கு இறக்கினால் 15 நொடி, 80 லிட்டர். ரேஸைக் கூட்டினால் தண்ணீர் குறைகிறது!

எஞ்சின் அறை
ஜூன் 21, இரவு 10.50

இனி ஹெட்டைப் பற்றிப் பேச வேண்டாம். கூலர் தனக்கு வருகிற தண்ணீரில் 13 டிகிரி ஏற்றி அனுப்புகிறது, அது நன்றாகவே வேலை செய்கிறது. தண்ணீர்தான் வரவில்லை. ரேஸ் கூடும்போது குறைகிறது என்றால் அடைப்பு பம்புக்கு முன்னால், உறிஞ்சுகிற பக்கத்தில். சூடானால் மட்டும் வருகிற அடைப்பு என்றால் அது சூட்டில் உருவம் மாறுகிற பொருள்.

பழைய ஃபிட்டர்
ஜூன் 21, இரவு 11.05

18ஆம் தேதி நீ எழுதியதைத் திரும்பப் படித்தேன். "கடல் தண்ணீர்க் குழாய்கள்" மாற்றினோம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய், நானும் விட்டுவிட்டேன், என் தப்பு. ஸ்ட்ரைனருக்கும் பம்புக்கும் நடுவில் என்ன குழாய் போட்டாய்? உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறதா? வெட்டு வாயைப் பார்த்தால் தெரியும்.

பம்புக்குப் பின்னால் இருக்கிற குழாய்க்குள் தண்ணீர் தள்ளுகிறது, அது எப்போதும் உப்பித்தான் இருக்கும். முன்னால் இருக்கிறதை பம்பு உறிஞ்சுகிறது. ஜூஸ் கடையில் காகித ஸ்ட்ராவைப் பலமாக உறிஞ்சினால் என்ன ஆகும்? அதேதான். கம்பி இல்லாத ரப்பர் குழாய் காலையில் விறைப்பாக நிற்கும், எஞ்சின் ரூம் கொதிக்க ஆரம்பித்ததும் இளகிவிடும். இளகிய பிறகு 1600ல் உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளும்.

நாளைக்குச் சூடான பிறகு அந்தக் குழாயில் கை வை. பெல்ட் பக்கம் சட்டைக் கை போகாமல் பார்த்துக்கொள்.

நாகை விசை
ஜூன் 22, மாலை 6.40

ஐயா, கையிலேயே தெரிந்தது.

ஒன்றரை மணி நேரம் இழுத்துவிட்டு, நியூட்ரலில் போட்டு, நானே உள்ளே இறங்கினேன். குழாய் தரையோடு ஒட்டி, எஞ்சின் காலுக்குப் பின்னால் வளைந்து போகிறது, நின்று பார்த்தால் தெரியாது. படுத்துக்கொண்டுதான் கை எட்டியது. 700ல் வட்டமாகத்தான் இருந்தது, கொஞ்சம் கொழகொழவென்று. டிரைவரை மெதுவாக ரேஸ் கொடுக்கச் சொன்னேன். 1200 தாண்டியதும் வளைவில் என் கட்டை விரலுக்கு அடியில் பள்ளம் விழ ஆரம்பித்தது. 1600ல் இரண்டு சுவரும் நடுவில் முத்தமிடுகிற அளவுக்குத் தட்டையாகிவிட்டது, இரண்டு ஓரத்திலும் பென்சில் பருமனுக்குத்தான் வழி. உள்ளே தண்ணீர் சீறுகிறது கையில் அதிர்ந்தது. ரேஸைக் குறைத்ததும் பொத்தென்று உப்பிக்கொண்டது.

கழற்றி வெட்டிப் பார்த்தோம். ரப்பர், நடுவில் இரண்டு அடுக்குத் துணி, கம்பி கிடையாது. கடையில் "தண்ணீர்க் குழாய், 2 அங்குலம், 5 அடி" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறார்கள். பழைய குழாய் கொட்டகையில் கிடந்தது, வெட்டு வாயில் கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது.

குளச்சல் கரை
ஜூன் 22, இரவு 7.15

கேஸ்கெட் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அண்ணே. நாளைக்குக் காலையில் என் படகில் இறங்கி அந்தக் குழாயைத்தான் முதலில் பார்க்கப்போகிறேன்.

புதுக் குழாய் மாட்டும்போது ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப் போடுங்கள், எஸ்எஸ் கிளாம்ப். ஸ்ட்ரைனர் மூடி ரப்பர் வளையத்தையும் மாற்றிவிடுங்கள். உறிஞ்சுகிற பக்கத்தில் தளர்ந்தால் தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும், கண்ணுக்கே தெரியாது. வெளியே கொட்டுகிற தண்ணீர் நுரையும் விக்கலுமாக வந்தால் காற்றுதான் காரணம்.

புது ஓட்டி
ஜூன் 22, இரவு 8.20

இடையில் ஒரு சந்தேகம் கேட்கலாமா? எங்கள் படகில் கூலரே இல்லை, நல்ல தண்ணீர்க் குழாய் படகுக்கு அடியில் கடலுக்குள்ளேயே ஓடித் திரும்பி வருகிறது. அதுவும் பாரத்தில் 90 வரை போகிறது. வாளி பிடிக்கவும் வழி இல்லை. ஆசிட் ஊற்றிச் சுத்தம் பண்ணலாம் என்கிறார்கள்.

பழைய ஃபிட்டர்
ஜூன் 22, இரவு 9.00

தம்பி, உன் படகில் கடலே கூலர். அந்தக் குழாய்களின் மேல் கொட்டலசும் பாசியும் ஒட்டினால் போர்வை போர்த்திய மாதிரி, சூடு வெளியே போகாது. அடியில் இறங்கி முதலில் அதைப் பார். இன்னொரு தப்பும் நடக்கும், கரையேற்றிய படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் குழாய்களையும் சேர்த்து இரண்டு மூன்று கோட் அடித்துவிடுவார்கள். சுரண்டி எடு.

ஆசிட் கடைசியில். எஞ்சினுக்குள் ஊற்றவே ஊற்றாதே, அலுமினிய பாகம் எது இருந்தாலும் தின்றுவிடும். கூலர் இருக்கிற படகென்றால் அதைக் கழற்றி வெளியே வைத்து, தண்ணீரில் கலந்த சிட்ரிக் ஆசிடில் ஊறவைத்து, நுரை நின்றதும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, அப்புறம் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதே.

நாகை விசை
ஜூன் 24, இரவு 9.10

கம்பிச் சுருள் போட்ட குழாய் நாகையில் அந்த அளவில் உடனே கிடைக்கவில்லை, கடலூரிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். நேற்று ராத்திரி மாட்டினோம். வளைவு இறுக்கமாக இருந்ததால் அந்த இடத்தில் ஒரு வெண்கல எல்போ வைத்துவிட்டோம். ஸ்ட்ரைனர் மூடி வளையமும் புதிது.

இன்று காலை 5 மணிக்குக் கிளம்பினோம். நாலு மணி நேரம் தொடர்ந்து 1600ல் வலை இழுத்தோம், மீட்டர் 82ல் போய் நின்றது, அதற்கு மேல் அசையவில்லை. கடல் தண்ணீர் உள்ளே 30, வெளியே 38. நிறுத்தி வாளி பிடித்தோம், சூட்டிலேயே 11 நொடி. படுத்துக் கை வைத்துப் பார்த்தேன், குழாய் கட்டை மாதிரி நிற்கிறது.

ஐயா, எஞ்சின் அறை அண்ணன், குளச்சல், மயிலிட்டி அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. எங்கள் வரிசையில் பதினோரு படகு நிற்கிறது. அந்த வெட்டிய குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படகாகப் போய்க் காட்டினேன். இரண்டு படகில் அதே துணிக் குழாய். ஒருவர் இன்று ராத்திரியே மாற்றுகிறார்.

மயிலிட்டி
ஜூன் 24, இரவு 9.35

நல்ல செய்தி அண்ணை. அந்தக் குழாயின்ர வெட்டு முகத்தைப் படம் எடுத்து இங்க போட்டு விடுங்கோ. கடையில கொண்டுபோய்க் காட்டி வாங்க எங்கட பெடியளுக்கு உதவும்.

நாகை விசை
ஜூன் 24, இரவு 9.50

காலையில் வெளிச்சத்தில் இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்துப் போடுகிறேன்.